பழைய முஸ்லிம் பத்திரிகைகளைக் கணினியில் தேடுவது: சோனகர், மகமதியர், முஸ்லிம் எல்லாவற்றையும் ஒரே சொல்லாக்கலாமா?

#1 மலைநாட்டாள்

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் கண்டிப் பக்கம். வரலாற்றில் முதுகலை ஆய்வு செய்கிறேன். 1882 முதல் 1915 வரை இலங்கை முஸ்லிம்கள் பொதுவாழ்வில் எதற்காகக் கூடினார்கள், யாருக்கு மனு எழுதினார்கள், தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்பதுதான் என் தலைப்பு. 1882, கண்டிச் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய ஆண்டு. 1915, சிங்கள-முஸ்லிம் கலவர ஆண்டு. நடுவில் எவ்வளவோ நடந்திருக்கிறது. எகிப்தில் ஆங்கிலேயரிடம் தோற்றுப்போன அரபி பாஷா 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்து இறங்கினார். 1892இல் கொழும்பில் தொடங்கிய மதரஸாதான் பிறகு ஸாஹிராக் கல்லூரியானது. 1905இல் துருக்கித் தொப்பி வழக்கு.

பல இடங்களில் அலைந்து பத்திரிகைப் பக்கம், துண்டுப் பிரசுரம், மனு என்று ஏறக்குறைய 600 படங்கள் சேர்த்துவிட்டேன். பாதிக்கு மேல் கைபேசியில் எடுத்தவை. இவற்றைக் கணினி எழுத்தாக மாற்றித் தேடக்கூடியதாக ஆக்க வேண்டும், பிறகு சொற்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது திட்டம்.

இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், பெர்லினில் உள்ள ஓர் ஆய்வு நிலையத்தின் மேற்கு ஆப்பிரிக்க இஸ்லாம் தொகுப்பைப் பார்த்ததிலிருந்து. பெனின், புர்கினா ஃபாசோ, கோட் டிவார், டோகோ, நைஜர், நைஜீரியா நாடுகளின் முஸ்லிம்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளையும் முஸ்லிம் சங்கங்களின் வெளியீடுகளையும் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஓர் ஊரின் பெயரைத் தட்டினால் அந்த ஊர்ப் பள்ளிவாசல் பற்றிப் பத்திரிகையில் வந்தவை வரிசையாக வந்து நிற்கின்றன. நம்மிடமும் இப்படி ஒன்று ஏன் இல்லை என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். என்னிடமுள்ள பக்கங்களில் ஒரே மக்களைக் குறிக்க சோனகர், சோனவர், முஸ்லிம், முஸ்லீம், மகமதியர், முகம்மதியர், இஸ்லாமானவர்கள், மரைக்கார் என்று எத்தனையோ சொற்கள். கணினி தெரிந்த நண்பர் ஒருவர், எல்லாவற்றையும் 'முஸ்லிம்' என்று மாற்றிவிடு, இல்லாவிட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தமே இருக்காது என்கிறார். சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கை வரமாட்டேன் என்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

#2 நிரல்தோழன்

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். பழைய தமிழ் அச்சுப் பக்கங்களை எழுத்தாக்கும் வேலையில் சில வருட அனுபவம் உண்டு.

உங்கள் நண்பர் சொல்வது சரி. அதற்கும் முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. டெசராக்ட், கூகுள் ஆகிய எழுத்துணரிகள் (படத்தை எழுத்தாக்கும் மென்பொருள்) இரண்டுமே இன்றைய தமிழ் அச்சை ஓரளவு நன்றாகப் படிக்கும். 19ஆம் நூற்றாண்டு அச்சைக் கொடுத்தால் தடுமாறும். லை, னை, ணை, ளை எல்லாம் அன்று கொம்பு போட்ட பழைய வடிவம். றா, னா, ணா வேறு மாதிரி. தமிழ்நாட்டில் 1978இல்தான் அரசாணை போட்டு இவற்றை மாற்றினார்கள். அப்புறம் ரகரமும் கால் எழுத்தும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். புள்ளி மங்கிவிட்டால் 'சோனகர்' என்பது 'சோனகா' ஆகிவிடும். 'முஸ்லிம்' என்பதை 'முஸ்விம்' என்று எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் தெரியுமா?

இதைச் சமாளிக்க, ஓரிரு எழுத்து மாறியிருந்தாலும் அதே சொல் என்று எடுத்துக்கொள்ளும் தளர்வான தேடலை வையுங்கள். மேலே ஒரு சொற்பட்டியல் போட்டு எல்லா வடிவங்களையும் ஒரே தலைப்புச் சொல்லின் கீழ் கொண்டுவாருங்கள். 600 பக்கம் என்பது கணினிக்குச் சின்ன அளவு. சொற்கள் இப்படிச் சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றும் பத்து தடவை, பதினைந்து தடவை என்று வரும். அதை வைத்து எந்தப் போக்கையும் சொல்ல முடியாது.

#3 கல்முனை ஆசிரியர்

மகள், கை வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையை நம்புங்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரம் படிப்பித்தவன், கணினி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்தச் சொற்களின் கதை தெரியும்.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் வேறு என்பது அதன் சாரம். இது வெறும் படிப்பாளிகளின் சர்ச்சை என்று அன்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது சட்டநிரூபண சபையில் தமிழருக்கு ஒரு நியமன உறுப்பினர் இருந்தார், அவர் இராமநாதனேதான். சோனகருக்கென்று யாரும் இல்லை. சோனகர் தனி இனமென்றால் தனி ஆசனம் கேட்கலாம், தமிழரில் ஒரு பகுதியென்றால் கேட்க முடியாது. மறுவருடம் 1889இல் எம். சி. அப்துல் ரஹ்மான் சோனகரின் முதல் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இராமநாதனின் கட்டுரைக்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் விரிவான மறுப்பை 1907இல் நூலாகவே வெளியிட்டார். ஒரு சொல்லுக்காக ஏறக்குறைய இருபது வருடம் நடந்த வாதம் இது.

ஆக, 1888க்கும் 1907க்கும் இடையில் ஒருவர் 'சோனகர்' என்று எழுதினால் அவர் ஒரு கட்சி பேசுகிறார் என்று அர்த்தம். அந்த இடத்தில் நீங்கள் 'முஸ்லிம்' என்று மாற்றினால் அவர் வாயிலிருந்து வாதத்தையே பிடுங்கிவிடுகிறீர்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1915. அதன் தொடக்கம் கம்பளையில் ஒரு பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கு. பள்ளிவாசல் கரையோரச் சோனகருடையது. அவர்கள் தென்னிந்தியக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். பெரஹராவை நடத்திய தேவாலேத் தரப்பு 1815 கண்டி ஒப்பந்தத்தைக் காட்டி உரிமை கேட்டது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலேக்குச் சார்பாகத் தீர்த்தது. 1915 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. மே மாதக் கடைசியில் கண்டியில் கலவரம் வெடித்து நாலாபக்கமும் பரவியது. அந்த நேரத்துப் பிரசுரங்களில் வெறுப்பெல்லாம் முதலில் கரையோரச் சோனகர் மீதுதான் கொட்டப்பட்டது. பேச்சு வழக்கில் அவர்களைச் சம்மான்காரர் என்றார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் இருக்கும் சிவப்புப் பள்ளியைச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா, அதே சொல். அடி விழும்போது யார் உள்ளூர்ச் சோனகர், யார் கரையோரச் சோனகர் என்று எவனும் கேட்டு அடிக்கவில்லை. ஆனால் அடிக்கு முன்னால் எழுதப்பட்டவற்றில் அந்தப் பிரிப்பு இருந்தது. குடிசனக் கணக்கிலும் 1911இலிருந்து இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சொல்லாக்கினால் 1915இன் முன்கதை உங்கள் தரவிலிருந்து காணாமல் போய்விடும்.

மலாய்க்காரரையும் மறந்துவிடாதீர்கள். 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகை 1869இலேயே கொழும்பில் ஜாவி எழுத்தில், அதாவது மலாயை எழுதும் அரபு எழுத்தில், வெளிவந்தது. 'முஸ்லிம் நேசனுக்கு' 13 வருடம் முன்பு. பழைய தமிழ் எழுத்தில் மலாய்க்காரரைச் சாவகர் என்றும் எழுதியிருப்பார்கள்.

#4 நிரல்தோழன்

ஐயா, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சோனகர், சாவகர். இரண்டுக்கும் இடையே இரண்டு குறியீடுகள்தான் வேறுபாடு. நான் மேலே பரிந்துரைத்த தளர்வான தேடல் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளும்! சோனகரையும் மலாய்க்காரரையும் ஒன்றாக்கிவிட்டு, பிழைதிருத்தியதாக நினைத்துக்கொண்டிருப்போம். இந்தச் சொல் எனக்கு இதுவரை தெரியாது. தெரியாததால் சோதித்தும் பார்த்திருக்க மாட்டேன். இரவு விரிவாக எழுதுகிறேன்.

#5 மலைநாட்டாள்

நன்றி சேர். 1888, 1889, 1907 மூன்றையும் தனித்தனியாகப் படித்திருக்கிறேன், ஆனால் ஒரே கோட்டில் வைத்து யோசித்ததில்லை. தொப்பி வழக்குக்கும் இது பொருந்துமா?

#6 கல்முனை ஆசிரியர்

பொருந்தும். சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாட எழுந்தபோது அனுமதி மறுக்கப்பட்டது. தலையில் இருப்பதையாவது காலில் இருப்பதையாவது கழற்ற வேண்டுமாம். 1905 டிசம்பர் 31ஆம் தேதி மருதானைப் பள்ளிவாசல் திடலில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அங்கே சோனகர் மட்டும் வரவில்லை. மலாய்க்காரர், இந்திய வியாபாரிகள் எல்லோரும் வந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல்லைப் போட்டார்கள் என்று உங்கள் பக்கங்களில் தேடிப் பாருங்கள். ஆசனம் கேட்கும்போது ஒரு சொல், தொப்பிக்காகக் கூடும்போது ஒரு சொல் என்று இருந்தால் உங்கள் ஆய்வின் ஓர் அத்தியாயமே அதுதான்.

சட்டங்களையும் பாருங்கள். 1806இல் தொகுத்தது மகமதியர் சட்டக்கோவை. 1886இன் திருமணப் பதிவுச் சட்டமும் மகமதியர் பெயரில்தான். 1951இல் வந்தது முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அரசாங்கம் ஒரு பெயரை விட்டு இன்னொன்றுக்கு வர எத்தனை காலம் எடுத்திருக்கிறது!

#7 கீழக்கரைக் காற்று

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தங்கச்சி, ஒரு விஷயத்தை யாருமே தொடவில்லை. உங்கள் 600 படங்களில் அரபுத்தமிழ் எத்தனை?

வெளியாருக்காகச் சொல்கிறேன்: அரபுத்தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. ட, ண, ள, ழ, ப போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்து கிடையாது. இருக்கிற எழுத்துகளில் புள்ளியோ குறியோ கூட்டி நம் முன்னோர் புதிதாக உருவாக்கிக்கொண்டார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, காலி, பேருவளை, காத்தான்குடி, கரையெங்கும் இதுதான் வீட்டுப் படிப்பு. எங்கள் ஊரில் அடங்கியிருக்கும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம், இமாமுல் அரூஸ், 1816 முதல் 1898 வரை வாழ்ந்தவர். இலங்கைக்குப் போய்வந்துகொண்டே இருந்தார், அங்கே அவருக்கு முரீதுகள், அதாவது சீடர்கள், ஏராளம். அவர் எழுதிய 'மகானி' இரு கரையிலும் ஓதப்பட்டது. சித்திலெப்பை இறந்ததும் அதே 1898இல்தான். ஒரே காலம், ஒரே மக்கள், ஆனால் இரண்டு எழுத்து.

தமிழ் எழுத்துப் பத்திரிகையை மட்டும் எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது வழக்கறிஞர், வியாபாரி, உத்தியோகம் பார்த்தவர் பேச்சு. ஒளு எடுப்பது எப்படி, ஸக்காத் யாருக்கு, கடன் வாங்கினால் எப்படி எழுதி வைப்பது என்பதெல்லாம் கிதாபில், அதாவது அரபுத்தமிழ்ச் சமய நூல்களில், இருக்கிறது. அதைப் படித்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். எங்கள் ஊரில் தமிழ் எழுத்து தெரியாத, ஆனால் அரபுத்தமிழைச் சரளமாக வாசிக்கிற கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை எழுத்தறிவில்லாதவர்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

அப்புறம் எழுத்துக்கூட்டல். அதையும் திருத்தாதீர்கள். இலங்கைக்காரர்கள் ரமழான் என்று எழுதுவார்கள். அரபியின் ளாத் எழுத்துக்கு ழகரத்தைப் போடுவது அங்குள்ள வழக்கம். தமிழ்நாட்டில் ரமலான், ரம்ஜான். நான் ஒரு கிழிந்த தாளைப் பார்த்தால், முகவரி இல்லாவிட்டாலும், இது எந்தக் கரையில் எழுதியது என்று இந்த ஒரு சொல்லை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடுவேன். தமிழ்நாட்டில் பிற்காலத்தில் வந்த தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' நல்ல தமிழில்தான் எழுதுவோம் என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்த பத்திரிகை. அதில் எந்த அரபுச் சொல்லைத் தமிழாக்கினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதே தனி ஆராய்ச்சி. நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டால் அது யாருக்கும் கிடைக்காது.

#8 நிரல்தோழன்

முதலில், #2இல் நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

இப்படிச் செய்யலாம். பக்கத்தில் உள்ளது உள்ளபடி ஒரு அடுக்கு. பிழையான அச்சும் சேர்த்து, ஒரு எழுத்தும் மாறக் கூடாது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை, அதில் உங்கள் குறிப்பு: இங்கே 'சோனகர்' என்பது இலங்கைச் சோனகரையா, கரையோரச் சோனகரையா, இருவரையுமா. தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். தேடும்போது இரண்டாவது அடுக்கைத் தேடலாம், எண்ணும்போது முதல் அடுக்கை எண்ணலாம். எதை எண்ணினோம் என்று ஒவ்வொரு வரைபடத்துக்குக் கீழும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதாகப் படம். எழுத்துக்குப் பக்கத்திலேயே படம் இருந்தாக வேண்டும். கெய்ரோவில் ரஷீத் ரிளா 1898 முதல் 1935 வரை நடத்திய 'அல்மனார்' இதழின் எழுத்து முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது, யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்த பெரிய உழைப்பு. ஆனால் அது பக்கப் படம் இல்லாமல் புழங்குகிறது. தட்டியவர் ஒரு வரியை விட்டிருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? இதைப் பார்த்துத்தான் முஹம்மத் குர்த் அலியின் 'அல்முக்தபஸ்' போன்ற இதழ்களுக்கு, எழுத்தையும் பக்கப் படத்தையும் பக்கத்துக்குப் பக்கம் சேர்த்துத் திறந்த பதிப்பு செய்தார்கள். அந்த வழியைப் பின்பற்றுங்கள்.

அரபுத்தமிழ் பற்றி: கீழக்கரைக் காக்கா, நீங்கள் சொல்வது பெரும்பாலும் கல்லச்சு, அதாவது கையால் எழுதியதை அப்படியே கல்லிலிருந்து அச்சிட்டது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு எழுத்தரின் கையெழுத்தும் வேறு, அதனால் சாதாரண எழுத்துணரி அங்கே நிற்காது. ஆனால் க்ராக்கன் என்ற திறந்த மென்பொருளை நாமே பழக்கலாம். பழைய அரபு நூல்களைப் படிக்க இதைத்தான் ஓப்பன்ஐடிஐ குழுவினர் பயன்படுத்துகிறார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் சில பத்துப் பக்கங்களைக் கையால் எழுதிக் கொடுத்தால், அதைப் பார்த்துக் கணினி மற்றதைக் கற்றுக்கொள்ளும். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும். வாசிக்கத் தெரிந்த அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

பத்திரிகைகள் ஒன்றிலிருந்து ஒன்று செய்தி எடுத்துப் போடும் பழக்கத்தையும் விடாதீர்கள். லண்டனில் ஆகா கான் பல்கலைக்கழகத்தின் கிதாப் திட்டத்தினர், ஒரு நூலின் எந்தப் பகுதி இன்னொரு நூலில் வருகிறது என்று கணினியால் கண்டுபிடிக்கிறார்கள். 923இல் இறந்த வரலாற்றாசிரியர் தபரியை 1233இல் இறந்த இப்னுல் அதீர் எங்கெல்லாம் எடுத்தாண்டார் என்று வண்ணக் கோடாகப் பார்த்துவிடலாம். 1887இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் தொடங்கிய 'சிங்கை நேசனை'யும் இலங்கை இதழ்களையும் இப்படிப் பக்கத்தில் வைத்தால், எகிப்துச் செய்தியும் துருக்கிச் செய்தியும் தமிழில் எந்தத் துறைமுகம் வழியாகப் பயணித்தன என்று தெரியவரலாம். இதற்குச் சொல்லை மாற்றாமல் வைத்திருப்பது இன்னும் முக்கியம், காப்பி அடித்தவர் எந்தச் சொல்லை மாற்றினார் என்பதுதானே சுவை.

கடைசியாக, ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்து, உலகெங்கும் சேகரித்த அழியும் ஆவணங்களின் படங்களைப் பல மாதம் யாரும் பார்க்க முடியவில்லை. இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் 'நூலகம்' என்ற இணையதளத்தின் முஸ்லிம் ஆவணகத்தில் ஒரு பிரதி, உங்களிடம் ஒரு பிரதி, இன்னோர் ஊரில் ஒரு பிரதி.

#9 ஆறாம்பக்கம்

நான் பத்திரிகையில் பிழைதிருத்துநராக இருந்தவன். எண்ணுவது பற்றியே எனக்கு ஒரு கவலை.

முதல் பதிவில் மேற்கு ஆப்பிரிக்கத் தொகுப்பைச் சொன்னீர்கள். புர்கினா ஃபாசோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1973 முதல் 'லொப்சர்வத்தேர்' என்ற தனியார் நாளிதழ் வந்துகொண்டிருந்தது. 1984இல், புரட்சித் தலைவர் சங்காராவின் ஆட்சியில், அதன் அலுவலகம் எரிக்கப்பட்டது. அரசின் 'சித்வயா' நாளிதழ் தொடங்கியதும் அதே 1984இல். தனியார் இதழ் திரும்பி வர 1989 ஆயிற்று. இப்போது 1980 முதல் 1990 வரை முஸ்லிம் சங்கங்கள் பற்றி எத்தனை செய்தி என்று ஒரு கோடு வரைந்தால், அது மேலே போனாலும் கீழே போனாலும், நீங்கள் முஸ்லிம் பொதுவாழ்வை அளக்கிறீர்களா, பத்திரிகை எரிந்ததை அளக்கிறீர்களா? அங்கே முஸ்லிம் மாணவர் சங்கம் உருவானதே அந்த எண்பதுகளின் நடுவில்தான். வாழ்க்கை சும்மா இருக்கவில்லை, எழுதுவதற்கு இடம்தான் குறைந்துபோயிருந்தது.

இலங்கைக்கும் இதைக் கேளுங்கள். உங்கள் கையிலுள்ள 600 பக்கத்தில் எந்த வருடத்துக்கு எத்தனை பக்கம்? 1890களுக்கு 30 பக்கமும் 1905க்கு 200 பக்கமும் இருந்தால், 1905இல் எல்லாச் சொல்லும் அதிகமாகத்தான் வரும். முதலில் ஒரு வெற்றுப் பட்டியல் போடுங்கள். எந்த இதழ், எந்தத் தேதி, கையில் இருக்கிறதா இல்லையா. இல்லாதவற்றின் பட்டியலை ஆய்வின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அச்சகத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, விடுபட்ட பக்கத்தைத்தான் முதலில் தேட வேண்டும் என்று.

இன்னொன்று. செய்தி, தலையங்கம், வாசகர் கடிதம், விளம்பரம், அரசாங்க அறிவித்தல் ஆகியவற்றைப் பிரித்து வையுங்கள். அறிவித்தலில் உள்ள சொல் கச்சேரியின், அதாவது அரசாங்க அலுவலகத்தின் சொல், பத்திரிகையின் சொல் ஆகாது. பழைய புத்தகங்களில் கையொப்பக்காரர் பட்டியல் வரும், முன்பணம் கட்டி வாங்கியவர்கள். அதில் ஆட்கள் தங்கள் பெயரோடு மரைக்கார், லெப்பை, ராவுத்தர், ஊர்ப்பெயர் எல்லாம் போட்டிருப்பார்கள். யாரும் யாரையும் வகைப்படுத்தாமல் அவரவரே சொன்னது. எனக்கு அதுதான் தங்கம்.

#10 ஏட்டுப்பெட்டி

இங்கே எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நான் தென்மாகாணக் கரையில் இருக்கிறேன்.

என் உம்மம்மாவிடம் ஒரு மரப்பெட்டி நிறைய அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருந்தன. மஃரிபுக்குப் பிறகு தெருப் பெண்கள் வந்து உட்காருவார்கள், அவர் ராகம் போட்டு வாசிப்பார். புகழ் பாடும் மாலைப் பாட்டு, கதை சொல்லும் கிஸ்ஸா, கேள்வி-பதிலாக வரும் மஸ்அலா. என் உம்மாவுக்கு வாசிக்க வரும். எனக்கு எழுத்து கூட்டத்தான் தெரியும்.

2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த சோதனைகள் உங்களுக்கு ஞாபகமிருக்கும். எங்கள் பகுதியில் வீட்டில் அரபு எழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று எல்லோரும் பயந்தோம். வருகிறவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. நமக்கும் முழுக்க வாசிக்கத் தெரியாது. இது தமிழ்தான், தொழுகைப் பாட்டுத்தான் என்று யாரிடம் போய் விளக்குவது? சில வீடுகளில் புதைத்தார்கள். எங்கள் வீட்டில் பெட்டியில் முக்கால்வாசியைக் கடலில் விட்டோம். நானும்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்பது கிதாபு மிஞ்சியிருக்கிறது, உம்மா அரிசிப் பானைக்குள் வைத்தது.

ஆறாம்பக்கம் ஐயா சொன்ன 'இல்லாதவற்றின் பட்டியல்' என்பதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள், சில மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது எந்தப் பெட்டியைத் தூக்கியிருப்பார்கள்? அந்தப் பட்டியலில் அதையும் எழுதுங்கள்.

அதனால் மலைநாட்டாள், இரண்டு விஷயம் கேட்கிறேன். கிதாபு கொடுத்தவர் வீடு, தெரு, பெயர் எதையும் அனுமதி இல்லாமல் இணையத்தில் போடாதீர்கள். நூற்றாண்டுக்கு முந்தைய கம்பளை வியாபாரியின் பெயர் வேறு, இன்று உயிரோடு இருக்கிறவரின் முகவரி வேறு. முஸ்லிம் விவாக வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தின் தாள் எதுவும் கையில் கிடைத்தால் இன்னும் கவனம், அதில் பெண்களின் வாழ்க்கை இருக்கிறது. அடுத்தது, பெண்கள் உங்கள் எண்ணிக்கையில் எங்கே வருகிறார்கள் என்று சொல்லுங்கள். 'சோனகர்', 'முஸ்லிம்' என்ற சொல் எல்லாம் எங்களைச் சேர்த்துச் சொல்கிறதா, ஆண்களை மட்டும் சொல்கிறதா?

ஒன்பதையும் படம் எடுக்கச் சம்மதம். உம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

#11 கீழக்கரைக் காற்று

ராத்தா, கடலில் விட்டதற்கு நீங்கள் குற்றவாளி இல்லை. ஓதிப் பழசான ஏடுகளைத் தண்ணீரில் விடுவது நம் கரையில் மரியாதையான முறைதான். அந்தப் பயத்தைத் தந்தவர்கள் பதில் சொல்லட்டும்.

படம் அனுப்புங்கள். எழுத்து கூட்டுவது என் பொறுப்பு. என் மாமி இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார், கண்ணாடி போடாமல் வாசிப்பார். நிரல்தோழன் கேட்ட 'வாசிக்கத் தெரிந்த ஒருவர்' அவர்தான்.

#12 மலைநாட்டாள்

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் வெற்றுப் பட்டியல் போட்டேன். ஆறாம்பக்கம் ஐயா சொன்னது சரி. என் 600 பக்கங்களில் பாதி 1900க்குப் பிந்தியவை. 1890களின் நடுவில் சில ஆண்டுகளுக்கு என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. அந்த ஆண்டுகளைக் காலிக் கட்டமாகவே விட்டிருக்கிறேன். வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு அறுந்து நிற்கும், இணைக்கப் போவதில்லை.

பிறகு நாற்பது பக்கங்களை எழுத்துணரியை நம்பாமல் நானே தட்டினேன். ஒரு வார இதழின் ஒரே பக்கத்தில் மூன்று சொற்கள் இருந்தன. மேலே கச்சேரி அறிவித்தலில் 'மகமதியர்'. நடுவில் தலையங்கத்தில் 'முஸ்லிம்கள்'. கீழே ஒரு வாசகர் கடிதம், சந்தைக் கடை வாடகை பற்றி, அதில் 'சோனவராகிய நாங்கள்'. இதை ஒரே சொல்லாக்கியிருந்தால் கணக்கில் மூன்று என்று வந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது அது அரசாங்கம், ஆசிரியர், கடைக்காரர் என்று மூன்று பேராக என் முன்னால் நிற்கிறது. அதனால் 'யார் சொன்னது' என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். நிரல்தோழன் அண்ணா சொன்ன இரண்டு அடுக்கு முறையில்தான் செய்கிறேன். சாவகரைத் தனியாகப் பிரித்தாயிற்று.

ராத்தாவின் கேள்விக்கு நேர்மையான பதில்: தட்டிய நாற்பது பக்கத்தில் பெண் எழுதிய கடிதம் ஒன்றும் இல்லை. பெண்களைப் பற்றிய பேச்சு நிறைய இருக்கிறது, படிக்க வைக்கலாமா கூடாதா என்று. அவர்கள் குரல் அந்தப் பக்கங்களில் இல்லை என்பதால், ஆய்வில் கிதாபுகளுக்கு ஒரு பகுதி ஒதுக்கச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஒன்பது கிதாபும் படமாகிவிட்டது, மொத்தம் 412 பக்கம். காக்காவின் மாமி தொலைபேசியில் வாசிக்க, காக்கா எழுத, இதுவரை 26 பக்கம் முடிந்திருக்கிறது. மாமி ராகத்தோடுதான் வாசிக்கிறாராம், ராகம் இல்லாவிட்டால் வரி மறந்துபோகிறதாம். அதனால் குரலையும் பதிவு செய்கிறோம்.

நாலாவது கிதாபின் கடைசித் தாளில் பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறது, அச்சு இல்லை, கையெழுத்து. மாமி வாசித்தது: யார் யார் எத்தனை நாள் இரவல் கொண்டுபோனார்கள் என்ற கணக்கு. பதினொரு பெயர், எல்லாம் பெண்கள். தரவில் 'வாசித்தவர்' என்று புதிய நெடுவரிசை திறந்திருக்கிறேன். அந்தப் பெயர்களைப் போடலாமா என்று ராத்தாவின் உம்மாவைக் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லும்வரை கட்டங்கள் காலியாக இருக்கும்.

#13 ஏட்டுப்பெட்டி

உம்மாவிடம் பட்டியலைக் காட்டினேன். பதினொன்றில் ஏழு பேரை அவருக்குத் தெரிகிறது. மூன்றாவது பெயர் எங்கள் பக்கத்து வீட்டு மூத்தம்மா, இரவல் வாங்கிய கிதாபைத் திருப்பித் தரவே இல்லையாம். நாளை அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்கப் போகிறார்.